முப்பது மூட்டை மாதிரி

மாதுளைக்காரரின் மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் போட்டுவைத்த எருக்குழி பக்குவத்துக்கு வந்தது.

தோட்டத்தில் அறுபது மரம். மண் என்று சொல்லக் கூசுகிற மண். சரளையும் சுண்ணாம்புக் கல்லும்தான். அதில் எரு இல்லாமல் ஊற்றுகிற தண்ணீர் சல்லடையில் ஊற்றியது மாதிரி. மரத்துக்கு அரை மூட்டை எருவைப் போட்டு அதன்மேல் தண்ணீர் விட்டால்தான் ஈரம் நாலு நாள் நிற்கும், மரமும் பூக்கும். ஆட்டுப் புழுக்கை, சருகு, அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, பத்து நாளைக்கு ஒரு தடவை கிளறிவிடுவது மனைவியின் வேலை. அவர் சுமப்பதோடு சரி. அவள் போன பிறகு, கிளறுகிற நாள் வரும்போது மண்வெட்டியை எடுத்துப் போய்க் கிளறிவிட்டு வந்தார். ஏன் செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. நாள் வந்தது, செய்தார்.

அந்த வருஷம் பழம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. இயற்கை உர மேன்மை வாரியத்தின் சான்று பெற்ற எருவில் விளைந்த பழங்களை மட்டுமே இனி எடுப்போம் என்று அதில் இருந்தது. வெளியூரில் ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிற மகள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனில் பேசும்போது சொன்னாள்.

"அந்தச் சான்றை வாங்கிடுங்கப்பா. ஒரு நாள் வேலைதானே."

"சரிம்மா."

"போய்ட்டு வந்து எனக்குச் சொல்லணும்."

"சரிம்மா."

ஏழு மாதமாக அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. கதவைத் தட்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவைக்க அது ஒரு வழி, அவ்வளவுதான்.

வாரியத்தின் அலுவலகம் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போகுமுன் செருப்பைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். மண் உள்ளே வரக் கூடாதாம். இரண்டாம் மாடியில் கள ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"எருவுக்குச் சான்று வேணும்."

"எருன்னு சொல்லாதீங்க சார். அந்த வார்த்தையை நாங்க எடுத்துட்டோம். உயிர்ம இடுபொருள்." பதினோரு பக்கப் படிவத்தைப் பிரித்துவைத்தார். "தயாரிச்சவங்க யாரு?"

"என் சம்சாரம்."

"கூட வந்திருக்காங்களா?"

"இறந்துட்டா."

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்ப வருத்தம் சார்," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, "எப்போ?" என்று கேட்டார்.

"ஏழு மாசம் ஆச்சு."

"இடுபொருள் எப்போ முதிர்ந்துச்சு?"

"போன வாரம்."

"அங்கதான் சிக்கல். முதிர்ற அன்னிக்குத் தயாரிப்பாளர் உயிரோட இருக்கணும். இல்லேன்னா அது தயாரிப்புல வராது. தானா, இயற்கையா நடந்த அழுகல்னு ஆயிடும். இயற்கையா நடந்ததுக்கு இந்த வாரியம் சான்று தர்றதில்ல."

மாதுளைக்காரர் சுவரைப் பார்த்தார். 'இயற்கையோடு இணைவோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"என்ன பண்றது?" என்றார்.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாவைப் பதியறது வேற ஆபீஸ் சார். அவங்க எழுதறது எங்களைக் கட்டுப்படுத்தாது. எங்க ஏட்டுல அம்மா இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

பேனாவை அவர் பக்கம் தள்ளினார். 'தயாரிப்பாளரின் நிலை' என்ற இடத்தில் மாதுளைக்காரர் 'இருக்கிறார்' என்று எழுதினார். 'உடல்நலம்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, 'பரவாயில்லை' என்று எழுதினார். யார் கேட்டாலும் அவள் சொல்வது அதுதான். எழுதும்போது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. பேனா நன்றாக எழுதியது.

அடுத்த கேள்வி, ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறிய தேதி.

"ரசாயனம் போட்டதே இல்லீங்க."

"அப்ப எதுல இருந்து சார் மாறினீங்க?"

"மாறலை. எப்பவும் இதுதான்."

"மாறினவங்களுக்குத்தான் சான்று. மாறாதவங்களுக்குன்னு ஒரு பிரிவு இல்ல. கடைசியா வாங்கின ரசாயன மூட்டையோட ரசீது ஒண்ணு இருந்தாப் போதும்."

மாதுளைக்காரர் உரக்கடைக்குப் போனார். கடைக்காரர் எத்தனை மரத்துக்கு என்று கேட்டார்.

"ஒண்ணுக்கும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"போடாம இருக்கறதுக்கு."

கடைக்காரர் வியப்படையவில்லை. "இந்த வாரத்துல நீங்க ஏழாவது ஆளு," என்று சொல்லி மூட்டையை எடுத்து வைத்தார். "வாரியம் வந்ததுக்கப்புறம்தான் இந்தச் சரக்கே நகருது."

ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்தார். பிரிக்காத ரசாயன மூட்டையைப் படம் எடுத்தார். மாதுளைக்காரரை அதன் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். அது மனமாற்றத்துக்கு ஆதாரம். பிறகு எருக்குழியிலிருந்து பரிசோதனைக்கு இரண்டு மூட்டை மாதிரி கேட்டார். வாரியத்து ஆட்கள் இடுபொருளைத் தொடக் கூடாது என்பதால் மாதுளைக்காரரே அள்ளி, கட்டி, வண்டியில் ஏற்றினார். குழியின் மேல் கம்பி வலை போட்டு, பூட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரையை உடைத்தால் தோட்டத்தின் பதிவு ஐந்து வருஷத்துக்கு ரத்து.

"முடிவு எப்ப வரும்?"

"வந்ததும் வந்துரும் சார்."

பூக்கவைப்பதற்காக மரங்களுக்குத் தண்ணீர் நிறுத்தி, இலை உதிர்த்து, கிளை நறுக்கிக் கவாத்தும் பண்ணியாயிற்று. அறுபதும் குச்சி குச்சியாக நின்றன. அந்த நிலையில் ஒரு மாதம் தாங்கும், மிஞ்சினால் இன்னும் பத்து நாள். கிணற்றில் ஒரே ஒரு முறை பாய்ச்சுவதற்குத் தண்ணீர் இருந்தது. எரு போடாமல் அதை விட்டால் சரளைக்குள் போய்விடும். எருவுக்காக வைத்திருந்தால் மரம் காயும். மகள் போனில் கேட்டபோது, "பாத்துக்கிட்டிருக்காங்க," என்றார்.

மூன்றாம் வாரம் ஆய்வாளர் வந்தார். முதல் மாதிரியின் முடிவு 'தெளிவில்லை' என்று வந்திருந்தது.

"ஒரு சின்ன விஷயம் சார். உங்க கொட்டகையில ஒரு ரசாயன மூட்டை இருக்கறதா படத்துல தெரியுது."

"நீங்கதான் வாங்கச் சொன்னீங்க."

"வாங்கச் சொன்னது ஒரு பிரிவு சார். வச்சிருக்கறதைக் கேக்கறது இன்னொரு பிரிவு. ரெண்டுத்துக்கும் நான்தான் ஆளு, ஆனா ரெண்டும் வேற." மறுபரிசோதனைக்கு எப்போதும் முந்தியதைவிட இரட்டிப்பு மாதிரி வேண்டும் என்பது விதி. முடிவு தெளிவில்லை என்றால் மாதிரி போதவில்லை என்றுதானே பொருள். ஆய்வாளரே முத்திரையைப் பிரித்தார்; மாதுளைக்காரர் நாலு மூட்டை கட்டி ஏற்றியதும் மறுபடி வைத்தார்.

அடுத்த வாரம், புழுக்கையின் தோற்றுவாயை உறுதி செய்ய ஆய்வாளர் மாதுளைக்காரரின் மூன்று ஆடுகளின் பின்னாலும் அரை நாள் நடந்தார். ஆடு தின்ற ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் அவருடைய காலணி பிய்ந்துவிட்டது. அவர் குறை சொல்லவில்லை. கடைசியில் கறுப்பு ஆடு சங்கத்துச் சுவரோரம் போய், அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியைக் கீழிருந்து மேலாக உரித்துத் தின்றது. வாரியத்தின் சுவரொட்டிதான், 'உயிர்ம இடுபொருள் வாரம்'. ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார்.

"அச்சு மை," என்றார் வருத்தமாக. "அதுல ஈயம் இருக்கு சார். எங்க ஆய்வுலயே நிரூபிச்சிருக்கோம்."

"இன்னைக்குத் தின்னது எப்படிங்க போன வருஷப் புழுக்கையில வரும்?"

"இன்னைக்குத் தின்ற ஆடு போன வருஷம் சும்மா இருந்திருக்கும்னு என்ன நிச்சயம்?"

எட்டு மூட்டை.

இதற்கிடையில் சான்றுக்கு விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் பயிலரங்குக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. மனைவி பெயருக்குத்தான் வந்தது. அவர் போனார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குளிரூட்டிய மண்டபத்தில் தோட்டக்காரர்கள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணை இயக்குநர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் ஒரு பிடி இடுபொருளைக்கூட இந்தக் கை தொட்டதில்லை," என்று கையை உயர்த்திக் காட்டினார். கை சுத்தமாக இருந்தது. "ஏன்? நடுநிலைமை. தொட்டவன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். விவசாயி இடுபொருளை மரத்துக்குப் போட்டுவிடுகிறான். அது அவனுடைய அவசரம். வாரியம் அதைப் பற்றிச் சிந்திக்கிறது. மரம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பட்டுப்போகும். கோப்பு பட்டுப்போகாது. சிலர் கேட்கிறார்கள், வாரியம் வருவதற்கு முன்னால் இந்த வறண்ட நிலத்தில் பழம் விளையவில்லையா என்று. விளைந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த அனுமதியின் பேரில் விளைந்தது?"

கைதட்டல் அடங்கியதும் மாதுளைக்காரர் எழுந்தார். அவர் எழுந்தது அவருக்கே புதிதாக இருந்தது. "மரம் கவாத்துப் பண்ணி முப்பத்தஞ்சு நாள் ஆச்சுங்க. எப்ப எரு போடலாம்?"

துணை இயக்குநர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. இதைப் போன்ற கேள்விகளுக்காகவே அடுத்த பயிலரங்கு நடத்துகிறோம்."

வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் செடி கொடுத்தார்கள். தண்ணீர் தேவையில்லை என்று அதில் சீட்டு தொங்கியது.

நாற்பதாம் நாள், கிளை நுனிகள் காயத் தொடங்கின. நகத்தால் கீறிப் பார்த்தார். நாலு விரல் நீளத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே இன்னும் பச்சை. அன்றைக்கே ஆய்வாளர் வந்தார், முகம் இறுகி. மூன்று முடிவும் தெளிவில்லை. அதோடு புதிதாக ஒன்று.

"குழியில முப்பது மூட்டை இருக்கணும் சார். படிவத்துல எழுதியிருக்கீங்க. இப்ப அளந்தா பதினாறுதான் இருக்கு. பதினாலு மூட்டை காணோம்."

"நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க."

"நாங்களும் அப்படித்தான் சந்தேகப்படறோம். நிரூபிக்கணுமே."

நிரூபிப்பதற்குப் பதினாறு மூட்டை தேவைப்பட்டது. மாதுளைக்காரர் குழிக்குள் இறங்கிக் கடைசிப் பிடி வரை வழித்துக் கட்டினார். மூலையில் ஒட்டியிருந்ததைக் கையால் சுரண்டிப் போட்டார். வண்டி போன பிறகு குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். ஏறி வருவதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. ஆடு கத்தியது. ஏறி வந்தார்.

நாலாம் நாள் ஆய்வாளர் சட்டமிட்ட சான்றிதழோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. குழியைக் கடைசியாக ஒருமுறை ஆய்வு செய்ததில் கலப்படப் பொருள் எதுவும் காணப்படவில்லை. தூய்மை நூறு சதவீதம்.

"இதுவரைக்கும் எண்பத்தேழைத் தாண்டினவங்க இல்ல சார். வாரியத்துலயே பேச்சு இதுதான்."

"குழியில ஒண்ணும் இல்லியே."

"அதனாலதான் நூறு."

"அந்த முப்பது மூட்டை?"

"அதெல்லாம் மாதிரிச் சரக்கு சார். பரிசோதனைக்குப் போனது திரும்பி வராது. அதைத் திரும்பக் கேக்கறதுக்கு ஒரு படிவமே கிடையாது." சான்றிதழை அவர் கையில் கொடுத்தார். "அம்மா பேர்லதான் வந்திருக்கு. அவங்ககிட்டச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

"சரிங்க," என்றார் மாதுளைக்காரர்.

சொல்லிவிட்டு, அவளிடம் சொல்வதற்காக வீட்டுக்குள் நாலடி நடந்துவிட்டார். சமையலறை வாசலில்தான் நின்றார். உள்ளே அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது ஆய்வாளர் போயிருந்தார்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் சரக்கு வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் நேரே வாரியத்துக்குப் போனார். முன்வாசலில் வண்டியை விடமாட்டோம் என்றதால் பின்பக்கம் சுற்றிப் போனார். அங்கே ஆய்வகத்து உதவியாளர் அம்மாள் ஒருவர் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க வேணும்?"

"முப்பது மூட்டை. மாதுளைத் தோட்டத்துது."

"அதுவா. அந்தா இருக்கு பாருங்க."

சுவரோரமாக முப்பதும் அடுக்கியிருந்தன. வாய்க் கட்டு பிரிக்கவில்லை. அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"பரிசோதனை பண்ணலியா?"

"மிஷின் வந்தாத்தானே பண்ண முடியும்? நாலு வருஷமா வருது வருதுங்கறாங்க. மிஷினை வைக்கறதுக்கு மேசை வந்துருச்சு."

"அப்ப முடிவெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தாங்க எழுதறேன். தெளிவில்லைன்னு. பொய் எழுத மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெளிவில்லைதான்." அந்த அம்மாள் தேநீர்க் குவளையைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து ஒருவர் அந்த எருவைத் தொட்டது அதுதான் முதல் முறை. பத்தாவது மூட்டை ஏறும்போது துணை இயக்குநர் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். நன்றாக மக்கிய எருவில் நாற்றமே இருக்காது. ஆனாலும் அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"குப்பை அள்ற ஆளா? எத்தனை மாசமா கேட்டுக்கிட்டிருக்கோம். இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

மாதுளைக்காரர் பதினோராவது மூட்டையை ஏற்றினார்.

"ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிடணும். இருப்பா, உனக்கு ஒரு தாள் தரணும். இல்லேன்னா வாசல்ல நிறுத்திடுவாங்க."

கழிவு அகற்றுநர் சான்று ஒரே தாள்தான், இரண்டு வரி. துணை இயக்குநர் சுவரில் வைத்து அவரே எழுதினார்.

"மொத்தம் எத்தனை பேர் வேலை பாத்தீங்க?"

மாதுளைக்காரர் மூட்டைகளைப் பார்த்தார். "ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் எங்க?"

"அவ வேலையை முன்னாடியே முடிச்சுட்டா."

"கெட்டிக்காரி," என்று சொல்லித் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் ஆனது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மாதுளைக்காரர் எரு போட்டார். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாகக் கீறி, அரை மூட்டையைக் கொட்டி, கையால் பரப்பி, மண்ணை மேலே இழுத்துவிட்டார். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த தரையின் வாசனையோடு இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கை வலித்தது. மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் சரளைக்குள் ஓடி மறையவில்லை. எரு அதை வாங்கிப் பிடித்துக்கொண்டது. கிணறு தரை தட்டிய சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினார்.

பின்னால் கணக்குப் பார்த்தபோது நாற்பத்தொரு மரம் பிழைத்திருந்தது. பத்தொன்பது கடைசிவரை குச்சியாகவே நின்றது. பழம் வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சங்கம் சொன்னது. நூறு சதவீதச் சான்று வேறு யாரிடமும் இல்லை.

தண்ணீர் விட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மகள் அழைத்தபோது அவர் தோட்டத்தில் இருந்தார்.

"என்னப்பா ஆச்சு? சான்று வாங்கறது ஒரு நாள் வேலைன்னு நினைச்சேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். ரசாயன மூட்டை, சுவரொட்டி தின்ற ஆடு, மிஷினுக்கு வந்த மேசை. மகள் முதலில் கோபப்பட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தவித்தாள். "அம்மா இருந்திருந்தா அந்த மேசையைத் தூக்கிட்டு வந்திருப்பா," என்றாள்.

"ஆமாம்மா."

"மரம் எப்படி இருக்கு?"

அவர் பக்கத்துக் கிளையைப் பார்த்தார். கவாத்து வெட்டுக்குக் கீழே, கணுவில், தீக்குச்சி முனை அளவுக்குச் சிவப்பாக ஒன்று தலைநீட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அந்தக் கிளை முழுக்க.

"துளிர்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. எரு அப்பிய கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். போன் மடியில் கிடந்தது. அதிலிருந்து மகளின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

நேரம் பிடித்தது. போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"இருக்கேன்மா," என்றார்.